யாருடைய நேரம், எந்த வடிவம்: இணையப் பக்கங்களில் தேதியையும் மணியையும் சரியாகக் காட்டும் முறை

ஒரு சபாவின் நுழைவுச்சீட்டுப் பக்கத்தில் 03/04/2026 என்று அச்சாகியிருந்தால், மயிலாப்பூரில் இருக்கும் ரசிகர் அதை ஏப்ரல் 3 என்று படிப்பார். நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு பெற்றோருக்காகச் சீட்டு வாங்கும் மகள் மார்ச் 4 என்று படிக்கக்கூடும். இருவரும் தங்கள் ஊர் வழக்கப்படி சரியாகவே படித்திருக்கிறார்கள்; தவறு பக்கத்தில் இருக்கிறது. சென்னையில் அமர்ந்து, உலகெங்கும் பரவியிருக்கும் வாசகர்களுக்குத் தளம் கட்டும் நிரலாளர்கள் இத்தகைய குழப்பங்களை எப்படித் தவிர்க்கலாம் என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்டைச் சார்ந்தவை; செயற்கூறுகளின் பெயர்களையும் குறியீடுகளையும் ஒலிப்பின்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.

பலரும் முதலில் வடிவத்தைத்தான் தேடிப் போகிறார்கள். நாள் முன்னால் வர வேண்டுமா, மாதம் முன்னால் வர வேண்டுமா, சாய்கோடா புள்ளியா என்று ஆராய்கிறார்கள். அந்த வேலையை உலாவியே நன்றாகச் செய்துவிடும். அது செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு: காட்டப்படும் நேரம் யாருடையது என்று தீர்மானிப்பது. அதை நிரலாளர்தான் முடிவு செய்தாக வேண்டும், அதுவும் தரவுத்தளத்தில் அட்டவணை உருவாக்கும்போதே.

சேமிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி

நாம் பொதுவாகத் தேதி என்று சொல்லிவிடுவது மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கும். ஒருவர் பணம் செலுத்திய கணம் உலகம் முழுமைக்கும் ஒன்றுதான்; அதை யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் சேமித்து, பார்ப்பவரின் நேர மண்டலத்துக்கு மாற்றிக் காட்டினால் போதும். பிறந்தநாள், விடுமுறை நாள், கட்டணத்துக்கான கடைசி நாள் போன்றவை நாள் மட்டுமே. அவற்றுக்கு மணியும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. மூன்றாவது வகைதான் அதிகம் கவனிக்கப்படாதது: ஒரு குறிப்பிட்ட ஊரின் கடிகாரத்தைச் சார்ந்து எதிர்காலத்தில் நடக்கவிருக்கும் நிகழ்ச்சி.

மார்கழிக் கச்சேரி மாலை 6:15 மணிக்கு மயிலாப்பூர் அரங்கில் தொடங்குகிறது என்றால், அரங்குக்கு நேரில் வருபவருக்கு 6:15 என்பதே வேண்டும். டிக்கெட் வாங்கும்போது அவர் துபாயில் இருந்தார் என்பதற்காக 4:45 என்று மாற்றிக் காட்டினால், அவர் கச்சேரிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக வந்து நிற்பார். அதே கச்சேரியின் நேரலையை வீட்டிலிருந்து பார்ப்பவருக்கோ அவருடைய ஊர் நேரம்தான் தேவை. ஆகவே ஒரே நிகழ்ச்சிக்கு, ஒரே பக்கத்தில், இரண்டு விதமாகக் காட்ட வேண்டிய நிலை வரும். இதை எந்த நூலகமும் தானாக ஊகிக்காது.

எதிர்கால நிகழ்ச்சிகளுக்கு உள்ளூர் நேரத்தையும் நேர மண்டலத்தின் பெயரையும் சேர்த்துச் சேமிப்பதே நல்லது; யுடிசிக்கு மாற்றியதை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. நேர மண்டலம் என்பது அரசு முடிவு செய்வது, அரசு அதை மாற்றவும் செய்யும். இலங்கை 1996-ஆம் ஆண்டில் தன் கடிகாரத்தை யுடிசியைவிட 6:30 மணி முன்னதாகத் தள்ளி, அதே ஆண்டில் 6 மணியாகக் குறைத்து, 2006-இல் மீண்டும் 5:30 மணிக்கே திரும்பியது. யாழ்ப்பாணத்தில் காலை 10 மணிக்கு நடக்கவிருந்த ஒரு நிகழ்ச்சியை யுடிசியில் மட்டும் சேமித்திருந்தால், விதி மாறிய மறுநாள் அது வேறு மணியைக் காட்டியிருக்கும்.

மீண்டும் மீண்டும் நடப்பவற்றில் இது இன்னும் சிக்கலாகும். சென்னை ஆசிரியர் ஒருவர் மாலை 6:30 மணிக்கு இணையத்தில் பாட்டு வகுப்பு நடத்துகிறார் என்று கொள்வோம். லண்டன் மாணவருக்கு அது கோடையில் பிற்பகல் 2 மணி, குளிர்காலத்தில் 1 மணி. நியூ ஜெர்சி மாணவருக்குக் கோடையில் காலை 9, குளிர்காலத்தில் 8. அமெரிக்கா மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றுகிறது, பிரிட்டன் கடைசி ஞாயிறன்று மாற்றுகிறது. எனவே 2026-இல் மார்ச் 8 முதல் 29 வரை ஒருவருக்கு மட்டும் வகுப்பு நேரம் மாறியிருக்கும், மற்றவருக்கு மாறியிருக்காது. இந்தியாவில் கோடைகால நேரமாற்றம் இல்லாததால் நம் ஊர் நிரலாளர்களுக்கு இந்த மூன்று வாரங்கள் கண்ணில் படுவதே இல்லை. வகுப்பு எந்த ஊர்க் கடிகாரத்தோடு கட்டப்பட்டது என்ற தகவலைத் தனிப் புலமாக வைத்திருந்தால் மட்டுமே ஒவ்வொரு வாரத்துக்கும் சரியான மணியைக் கணக்கிட முடியும்.

தரவுத்தளங்களைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் நேர மண்டலத்துடன் கூடிய நேரமுத்திரை என்று பெயர் பெற்ற வகை, பெயருக்கு மாறாக, நேர மண்டலத்தைச் சேமிப்பதில்லை. யுடிசிக்கு மாற்றிக் கணத்தை மட்டுமே வைத்துக்கொள்கிறது. ‘ஏசியா/கொல்கத்தா’ என்ற பெயரை நீங்களே இன்னொரு நெடுவரிசையில் எழுதிவைக்க வேண்டும்.

18:30 என்ற எண்ணைக் கண்டால்

சென்னையில் எழுதப்படும் நிரல்களில் பதிவேடுகளைப் புரட்டும்போது 18:30:00 என்ற நேரம் திரும்பத் திரும்பத் தென்பட்டால், அங்கே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். இந்திய நள்ளிரவு யுடிசியில் முந்தைய நாளின் 18:30 மணி. நாள்காட்டியில் பயனர் 2026 மார்ச் 10 என்று தேர்ந்தெடுக்கிறார். நிரல் அதை டேட் என்ற பொருளாக, உள்ளூர் நள்ளிரவாக உருவாக்குகிறது. பிறகு யுடிசி நேரத்தைச் சரமாகத் தரும் டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் என்ற செயற்கூறை அழைத்து, முதல் 10 எழுத்துகளை வெட்டி எடுத்துச் சர்வருக்கு அனுப்புகிறது. கிடைத்த முழுச் சரம் 2026-03-09 என்று தொடங்கி 18:30 என்று தொடர்வதால், வெட்டி எடுத்தது மார்ச் 9. பயனர் தேர்ந்தெடுத்தது 10, பதிவானது 9. குளிர்காலத்தில் லண்டனில் இருந்து இதே நிரலை இயக்குபவருக்கு இந்தப் பிழை தோன்றவே தோன்றாது. அதனால்தான் இணையத்தில் கிடைக்கும் பல துணுக்குகள் எழுதியவரின் ஊரில் ஒழுங்காக ஓடி, இங்கே வந்ததும் ஒரு நாளை விழுங்கிவிடுகின்றன.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. ‘2026-03-10’ என்று நாள் மட்டும் உள்ள சரத்தை டேட் பொருளிடம் கொடுத்தால், அது யுடிசி நள்ளிரவு என்று பொருள் கொள்ளப்படும். அதே சரத்துடன் மணியையும் சேர்த்து, நேர மண்டலம் குறிப்பிடாமல் கொடுத்தால், உள்ளூர் நேரம் என்று கொள்ளப்படும். இந்த முரண் மொழியின் விதியிலேயே இருக்கிறது. சென்னையில் யுடிசி நள்ளிரவு என்பது அதே நாள் காலை 5:30 என்பதால் திரையில் நாள் சரியாகவே வரும்; யாரும் கவனிக்க மாட்டார்கள். சிகாகோவில் இருப்பவருக்கு மட்டும் பிறந்தநாள் ஒரு நாள் முன்னதாகத் தெரியும்.

தீர்வு எளிது. நாள் மட்டும் உள்ள மதிப்பை எப்போதும் ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று எண்களாகவோ 2026-03-10 என்று ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரநிலைப்படி எழுதிய சரமாகவோ வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திரையில் காட்டும்போது மட்டும், டேட்.யுடிசி என்ற செயற்கூறால் யுடிசி நள்ளிரவாக மாற்றி, தேதியைத் திரைக்கேற்ற சரமாக்கும் வடிவமைப்பியிடம் நேர மண்டலம் யுடிசி என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். உருவாக்கியதும் யுடிசி, காட்டியதும் யுடிசி என்பதால் பார்ப்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நாள் நகராது. மாதங்கள் ஜாவாஸ்கிரிப்டில் 0 முதல் எண்ணப்படுகின்றன, மார்ச் என்பது 2 என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பழைய தேதிகளில் 5:30 என்ற கணக்கே பொய்த்துவிடும். பாரதியார் பிறந்த 1882 டிசம்பர் 11-ஐ, இந்திய நேர மண்டலத்தில் இயங்கும் உலாவியில் உள்ளூர் நள்ளிரவாக உருவாக்கி யுடிசியில் பார்த்தால், டிசம்பர் 10, 18:38:50 என்று வரும். 18:30 வராததற்குக் காரணம் நம் ஊர்தான். உலக நேர மண்டலத் தரவுத்தளத்தில் ‘ஏசியா/கொல்கத்தா’ என்ற பதிவு, 1870 முதல் 1905 முடியும் வரை, யுடிசியைவிட 5 மணி 21 நிமிடம் 10 நொடி முந்திய மதராஸ் நேரத்தைப் பின்பற்றுகிறது. அது நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தைச் சார்ந்து கணிக்கப்பட்ட நேரம். 1906 தொடக்கத்திலிருந்துதான் 5:30 வருகிறது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை, அது 6:30 ஆக இருந்தது. எனவே ‘இந்தியா என்றால் 330 நிமிடம் கூட்டு’ என்று நிரலில் எண்ணை எழுதிவைப்பவர்கள், மூத்தவர்களின் பிறந்த தேதிகளைக் கையாளும் ஓய்வூதியத் தளங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் அகப்பட்டுக்கொள்வார்கள்.

டெம்போரல் என்ற புதிய வசதி மேற்சொன்ன மூன்று வகைகளுக்கும் தனித்தனிப் பொருள்களைத் தருகிறது: கணத்துக்கு இன்ஸ்டன்ட், நாளுக்குப் பிளெயின்டேட், ஊருடன் கட்டப்பட்ட நேரத்துக்கு ஸோன்டுடேட்டைம். 2025-இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் இது இடம்பெற்றது. உங்கள் பயனர்களின் பழைய கைபேசிகளையும் கருத்தில் கொண்டு, பாலிஃபில் எனப்படும் ஈடுசெய் நிரலுடன் இப்போதே பயன்படுத்தத் தொடங்கலாம்.

மொழி வேறு, நாடு வேறு, நேர மண்டலம் வேறு

வடிவமைப்புக்கு ஜாவாஸ்கிரிப்டில் இருக்கும் கருவி இன்ட்டல்.டேட்டைம்ஃபார்மட். இதன் விதிகளை வகுக்கும் எக்மா-402 தரநிலையின் முதல் பதிப்பு 2012-இல் வெளிவந்தது. ஒவ்வொரு மொழிக்கும் மாதப் பெயர் என்ன, எது முன்னால் வர வேண்டும் என்ற தரவு யூனிகோடு அமைப்பின் சிஎல்டிஆர் களஞ்சியத்திலிருந்து வருகிறது. எனவே மாதப் பெயர்களை நீங்களே பன்னிரண்டு சரங்களாக எழுதிவைக்க வேண்டிய தேவை இல்லை.

இந்தக் கருவியிடம் இரண்டு தகவல்களைக் கொடுக்க வேண்டும். ஒன்று லொகேல்: மொழியும் நாடும் இணைந்த குறியீடு. தமிழுக்கு டிஏ-ஐஎன், டிஏ-எல்கே, டிஏ-எஸ்ஜி, டிஏ-எம்ஒய் என்று இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவுக்கான நான்கு லொகேல்கள் களஞ்சியத்தில் உள்ளன. மற்றொன்று நேர மண்டலம். ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகிக்கக் கூடாது. தமிழில் படிப்பவர் டொரண்டோவில் இருக்கலாம். சோழிங்கநல்லூரில் இருப்பவர் ஆங்கிலத்தில் படிக்கலாம்.

லொகேலைக் கொடுக்காமல் விட்டால் உலாவியின் இயல்பு மொழி எடுத்துக்கொள்ளப்படும். இது நம் ஊரில் நேராகப் பிழைக்கு இட்டுச்செல்லும். இங்கே விற்கப்படும் மடிக்கணினிகள் பலவற்றில் உலாவியின் மொழி அமெரிக்க ஆங்கிலமாகவே இருக்கிறது, அதை யாரும் மாற்றுவதில்லை. அதனால் தாம்பரத்தில் இருக்கும் வாடிக்கையாளருக்கு மின்கட்டணத்தின் கடைசி நாள் 4/3/2026 என்று அமெரிக்க முறையில் காட்டப்படும். அவர் அதை மார்ச் 4 என்று படிப்பார். உண்மையில் அது ஏப்ரல் 3. தளம் எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறதோ அந்த மொழியின் லொகேலையே வெளிப்படையாகக் கொடுங்கள். ஆங்கிலப் பக்கம் என்றால் இந்திய ஆங்கிலத்துக்கான இஎன்-ஐஎன். பணம், பயணம், மருத்துவம் தொடர்பான தேதி எதுவானாலும் மாதத்தை எழுத்தில் காட்டுங்கள். இடம் போதவில்லை என்பது ஏற்கத்தக்க காரணம் ஆகாது.

நேர மண்டலத்தின் பெயரில் ஒரு சிறு விநோதம். தரவுத்தளத்தில் சென்னை என்ற பெயரில் மண்டலம் இல்லை. இந்தியா முழுவதற்கும் ‘ஏசியா/கொல்கத்தா’தான். ஆனால் பயனரின் மண்டலத்தை உலாவியிடம் கேட்டால், சில உலாவிகள் ‘ஏசியா/கல்கட்டா’ என்ற பழைய பெயரைத் திருப்பித் தரும். இரண்டும் ஒன்றே. ஆகவே ‘மண்டலத்தின் பெயர் கொல்கத்தா என்றால் இந்தியப் பயனர்’ என்று சரத்தை ஒப்பிட்டுச் சோதிக்கும் நிபந்தனை பாதிப் பேரைத் தவறவிடக்கூடும்.

மணியோடு ஐஎஸ்டி என்ற மூன்றெழுத்துச் சுருக்கத்தைப் போடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் அதே சுருக்கம் வழங்குகிறது. போதாததற்கு அமெரிக்க ஆங்கில லொகேலில் அது ஜிஎம்டி+5:30 என்று மாறிவிடும். ‘இந்திய நேரம்’ அல்லது ‘சென்னை நேரம்’ என்று நீங்களே எழுதிவிடுவது தெளிவு.

தமிழில் திரைக்கு என்ன வருகிறது

2026 ஜனவரி 14-ஐ டிஏ-ஐஎன் லொகேலில், டேட்ஸ்டைல் என்ற விருப்பத்துக்கு ஃபுல் என்று கொடுத்தால், ‘புதன், 14 ஜனவரி, 2026’ என்று வரும். லாங் என்றால் கிழமை நீங்கும். மீடியம் என்றால் ‘ஜன.’ என்று மாதம் சுருங்கும்; ஷார்ட் என்றால் 14/1/26 என்று எண்ணாகிவிடும். ஃபுல், லாங் இரண்டையும் தயங்காமல் பயன்படுத்தலாம். ஷார்ட்டை நான் பரிந்துரைப்பதில்லை. மாதத்துக்கு நேரோ என்னும் ஓரெழுத்து வடிவத்தையும் வரைபடங்களின் அச்சில் போடுவதற்கு முன் யோசியுங்கள்: ஜூனும் ஜூலையும் இரண்டுமே ‘ஜூ’ என்றுதான் வரும்.

பொங்கல் விடுமுறை போன்ற இடைவெளிகளுக்கு ஃபார்மட்ரேஞ்ச் இருக்கிறது. தொடக்க நாளையும் முடிவு நாளையும் கொடுத்தால் பொதுவான மாதத்தையும் ஆண்டையும் ஒருமுறை மட்டும் எழுதும். கைப்பட இரண்டு சரங்களை இணைத்துக் கோடு போடுவதைவிட இது மேல்.

மணிக்கு வருவோம், தமிழில் சங்கடம் மிகுந்த இடம் இதுதான். இலங்கைத் தமிழ் லொகேல் 24 மணி முறையைப் பின்பற்றுவதால் 18:30 என்று காட்டும். இந்தியத் தமிழ் லொகேல் 12 மணி முறையில், காலப்பகுதியைக் குறிக்கும் சொல்லை மணிக்கு முன்னால் இட்டுக் காட்டும். டேபீரியட் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் அதிகாலை, காலை, மதியம், பிற்பகல், மாலை, அந்தி மாலை, இரவு என்று நாளைப் பிரித்துத் தரும். இந்த விருப்பத்தை டேட்ஸ்டைல், டைம்ஸ்டைல் ஆகியவற்றுடன் சேர்த்துக் கொடுத்தால் பிழை எறியப்படும். கிழமை, நாள், மாதம், மணி, நிமிடம் என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிட வேண்டும்.

இந்தப் பிரிப்பு எல்லா இடத்திலும் நம் வழக்கோடு ஒத்துப்போகாது. இரவு 7 மணிக் காட்சி என்று சென்னைத் திரையரங்குகள் சொல்வதை அது ‘அந்தி மாலை 7:00’ என்று எழுதக்கூடும்; படித்துப் பார்த்தால் திருமண அழைப்பிதழ் போல் இருக்கும். அது அழகு பற்றிய குறை. பொருளையே மாற்றிவிடும் குறை நள்ளிரவுக்குப் பிறகு வருகிறது.

பொங்கலுக்கு ஊருக்குச் செல்பவர் வெள்ளிக்கிழமை இரவு கிளாம்பாக்கத்திலிருந்து 12:15-க்குப் புறப்படும் பேருந்தில் இடம் பதிகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாட்காட்டிப்படி அது 2026 ஜனவரி 10, சனிக்கிழமை. வடிவமைப்பி விதிப்படி ‘சனி, 10 ஜனவரி, இரவு 12:15’ என்று காட்டும். அதைப் படிக்கும் எவரும் சனிக்கிழமை பகல் முழுவதையும் வீட்டில் கழித்துவிட்டு இரவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள்; பேருந்து போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். முற்பகல் 12:15 என்று மாற்றினால் நண்பகல் என்று தோன்றும். 24 மணி முறையில் 00:15 என்று காட்டுவது கணக்கில் சரி, ஆனால் அந்த முறை பழகாத பயணிக்கு அது பயன்படாது.

இந்த இடத்தில் கருவியின் வெளியீட்டை அப்படியே நம்பாமல், நீங்களே ஒரு விதி எழுதிக்கொள்ள வேண்டும். நிகழ்விடத்தின் நேர மண்டலத்தில் மணி 0 முதல் 3 வரை இருந்தால், முந்தைய நாளின் கிழமையையும் சேர்த்து, ‘வெள்ளி இரவு கழிந்து, சனி அதிகாலை 12:15’ என்று காட்டலாம். ஃபார்மட்டுபார்ட்ஸ் என்ற செயற்கூறு வெளியீட்டைக் கிழமை, நாள், மாதம், காலப்பகுதி, மணி என்று துண்டுகளாகத் தருவதால், காலப்பகுதித் துண்டை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே இணைத்துக்கொள்ள முடியும். குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் இதே விதி செல்ல வேண்டும் என்பதால், அதை ஒரே செயற்கூறாக ஒரே இடத்தில் வையுங்கள்.

24 மணி முறை தேவைப்படும் இடங்களில் ஹவர்12 என்ற விருப்பத்தைப் பொய் என்று அமைப்பதைவிட, ஹவர்சைக்கிள் என்பதற்கு எச்23 என்று கொடுப்பது பாதுகாப்பானது. முன்னதில் சில லொகேல்களில் நள்ளிரவு 24:00 என்று வந்து தொலைக்கும்.

வாக்கியத்துக்குள் தேதியை வைப்பது

தமிழில் வேற்றுமை உருபு சொல்லின் ஈற்றைப் பொறுத்து மாறும். ஜனவரியில், மார்ச்சில், மேயில், ஆகஸ்டில் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். வடிவமைப்பி தந்த மாதப் பெயரின் பின்னால் நிரலில் ‘இல்’ என்று ஒட்டினால் ‘ஜனவரிஇல்’ என்ற விகாரம் பிறக்கும். உருபு தேவைப்படாதபடி வாக்கியத்தை அமைப்பதே எளிய வழி. ‘கடைசி நாள்: 14 ஜனவரி, 2026’ என்று எழுதலாம், வாக்கியமாகவே வேண்டும் என்றால் தேதிக்குப் பின் இடைவெளி விட்டு ‘அன்று’ என்று சேர்க்கலாம். தேதியையும் மணியையும் சேர்த்து நீண்ட வடிவில் கேட்கும்போது களஞ்சியத்தின் தமிழ் வடிவமும் இதே ‘அன்று’ என்ற சொல்லைத்தான் இடையில் வைக்கிறது. முழு வாக்கியத்தையும் மொழிபெயர்ப்புக் கோப்பில் வைத்து, தேதிக்கு ஓர் இடம் விட்டுவையுங்கள். வாக்கியத்தைத் துண்டாக்கி நிரலில் ஒட்டினால், பிற்பாடு மொழிபெயர்ப்பவர் சொல் வரிசையை மாற்ற முடியாமல் திண்டாடுவார்.

நேற்று, நாளை போன்றவற்றுக்கு ரிலேட்டிவ்டைம்ஃபார்மட் உள்ளது. நியூமெரிக் என்ற விருப்பத்துக்கு ஆட்டோ என்று கொடுத்தால் ‘1 நாளுக்கு முன்’ என்பதற்குப் பதில் ‘நேற்று’ என்றும், இரண்டு நாள் என்றால் ‘நேற்று முன் தினம்’, ‘நாளை மறுநாள்’ என்றும் இயல்பாகத் தரும். ஆனால் எத்தனை நாள் வித்தியாசம் என்பதை நீங்கள்தான் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். மில்லிநொடிகளைக் கழித்து 86,400,000-ஆல் வகுக்கும் வழக்கமான குறுக்குவழி இங்கே உதவாது: நேற்று இரவு 11 மணிக்கு வந்த செய்தியை இன்று காலை 6 மணிக்குப் பார்க்கும்போது கழிந்திருப்பது 7 மணி நேரமே, ஆயினும் அது நேற்று வந்த செய்தி. இரண்டு கணங்களையும் பயனரின் மண்டலத்தில் நாட்களாக மாற்றிய பின்னரே கழிக்க வேண்டும்.

லொகேல் குறியீட்டோடு யு-என்யு-தமிழ்டெக் என்ற நீட்டிப்பைச் சேர்த்தால் ௨௦௨௬ என்று தமிழ் எண்களிலேயே வரும். அலங்காரத்துக்குச் சரி, ரசீதில் வேண்டாம். நாட்காட்டியையும் இப்படி மாற்றலாம் என்பதால், இந்தியன் என்ற நாட்காட்டியைத் தேர்ந்தால் சித்திரை, வைகாசி வரும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். அது 1957 மார்ச் 22-இல் நடைமுறைக்கு வந்த சக ஆண்டு அடிப்படையிலான தேசிய நாட்காட்டி. அதில் ஆண்டுப் பிறப்பு மார்ச் 22, லீப் ஆண்டில் மார்ச் 21. ஏப்ரல் நடுவில் பிறக்கும் தமிழ் ஆண்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பஞ்சாங்கத் தளம் கட்டுபவர்கள் தமிழ் மாதக் கணக்கைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும். தாய்லாந்து லொகேலில் எதையும் கேட்காமலே பௌத்த ஆண்டுக் கணக்கில் 2569 என்று வருவதைக் கண்டு யாரும் பிழை என்று முறையிட வேண்டியதில்லை.

சர்வர் பக்கம்

உங்கள் மடிக்கணினி இந்திய நேரத்தில் ஓடும். டாக்கர் கொள்கலனும் மேகக் கணினியும் பெரும்பாலும் யுடிசியில் ஓடும். சர்வரில் உருவாக்கிய பக்கத்தில் 13:00 என்றும், உலாவியில் ரியாக்ட் நூலகம் மறுபடி வரைந்தபோது 18:30 என்றும் வந்து, இரண்டும் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை தோன்றுவதற்கு இதுவே பொதுவான காரணம். இரு பக்கமும் ஒரே நேர மண்டலத்தை வெளிப்படையாகக் கொடுத்தால் இது தீரும். பயனரின் ஊர் நேரமே வேண்டும் என்றால், டைம் என்ற எச்டிஎம்எல் குறிச்சொல்லுக்குள் யுடிசி மதிப்பை வைத்து, தெளிவாக ‘சென்னை நேரம்’ என்று குறிப்பிட்ட சரத்தைச் சர்வர் அனுப்பட்டும். பக்கம் ஏறிய பிறகு உலாவி அதை மாற்றிக்கொள்ளலாம்.

சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட்.ஜேஎஸின் 13-க்கு முந்தைய பதிப்புகளில் ஆங்கிலத் தரவு மட்டுமே இயல்பாக இணைந்திருந்தது. தமிழ் கேட்டாலும் மறுப்பு எதுவும் சொல்லாமல் ஆங்கிலத்தைத் தந்துவிடும். பழைய சர்வர்களில் சப்போர்ட்டட்லொகேல்ஸ்ஆஃப் என்ற செயற்கூறால் தமிழ் இருக்கிறதா என்று ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். பிஎச்பியில் டேட் செயற்கூறு எப்போதும் ஆங்கில மாதப் பெயரையே தரும். இன்ட்டல்டேட்ஃபார்மட்டரைப் பயன்படுத்த வேண்டும். பைத்தானில் செட்லொகேல் முழுச் செயல்முறையின் மொழியையும் மாற்றிவிடுவதால், பல பயனருக்கு ஒரே நேரத்தில் விடையளிக்கும் தளங்களில் அதைத் தொடாமல் பேபல் நூலகத்தை நாடுவது நலம்.

ஜாவாவிலும் ஐசியூ என்ற நூலகத்தின் வடிவச் சரங்களைப் பயன்படுத்தும் பிற இடங்களிலும் ஆண்டைக் குறிக்கும் ஒய் எழுத்துகளைச் சிறிய எழுத்தில்தான் எழுத வேண்டும். பெரிய எழுத்தில் எழுதினால் அது வாரக் கணக்கு ஆண்டு. இந்திய லொகேலில் வாரம் ஞாயிறன்று தொடங்குவதாலும், ஜனவரி 1 இடம்பெறும் வாரமே புத்தாண்டின் முதல் வாரம் என்பதாலும், 2025 டிசம்பர் 28 முதல் 31 வரையிலான நாட்கள் 2026 டிசம்பர் என்று அச்சாகும். ஆண்டின் மற்ற நாட்களில் எல்லாம் சரியாக இருந்துவிட்டு, கணக்கு முடிக்கும் அந்த வாரத்தில் மட்டும் தலைதூக்கும் பிழை இது.

உள்ளீடும் சோதனையும்

தேதியை உள்ளிட டேட் வகை இன்புட் புலத்தையே பயன்படுத்துங்கள். அதில் பயனருக்குத் தெரியும் வடிவம் அவருடைய உலாவியைப் பொறுத்தது, அதை நீங்கள் மாற்ற முடியாது; ஆனால் நிரலுக்குக் கிடைக்கும் மதிப்பு எப்போதும் 2026-01-14 என்ற வடிவில் இருக்கும். மணியும் சேர்ந்த டேட்டைம்-லோக்கல் புலத்தில் நேர மண்டலம் இல்லை என்பதால், எந்த ஊர் நேரத்தைக் கேட்கிறீர்கள் என்பதைப் புலத்தின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

வடிவமைத்த சரத்தை மீண்டும் தேதியாகப் படிக்க முயலும் நிரலை எங்கு கண்டாலும் நீக்கிவிடுங்கள். 2023 தொடக்கத்தில் குரோம் 110 வெளிவந்தபோது, சிஎல்டிஆர் 42-ஆம் பதிப்பின் மாற்றத்தால் ஆங்கில நேரத்தில் ஏஎம், பிஎம் ஆகியவற்றுக்கு முன் இருந்த சாதாரண இடைவெளி, கண்ணுக்கு வேறுபாடு தெரியாத குறுகிய இடைவெளியாக மாறியது. அந்தச் சரத்தை வெட்டிப் படித்துக்கொண்டிருந்த தளங்கள் உடைந்தன. குரோம் அந்த மாற்றத்தைப் பின்வாங்க நேர்ந்தது. தானியங்கிச் சோதனைகளிலும் முழுச் சரத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாமல், ஃபார்மட்டுபார்ட்ஸ் தரும் துண்டுகளில் நாளும் மாதமும் மணியும் சரியா என்று பாருங்கள். கனடா ஆங்கில லொகேலைக் கொடுத்து 2026-01-14 என்ற வடிவத்தை வரவழைக்கும் தந்திரமும் இதே காரணத்தால் நிலையற்றது.

நீண்ட பட்டியல்களில் ஒவ்வொரு வரிக்கும் டுலொகேல்ஸ்ட்ரிங் அழைப்பதைவிட, வடிவமைப்பியை ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது வேகமானது. விலை குறைந்த கைபேசிகளில் இந்த வேறுபாடு உருட்டும்போதே தெரியும்.

சோதனைகளை, நேர மண்டலத்தைக் குறிக்கும் டிஇசட் என்ற சூழல் மாறியை மாற்றி மாற்றி, யுடிசி, ‘ஏசியா/கொல்கத்தா’, ‘அமெரிக்கா/நியூயார்க்’, ‘பசிபிக்/ஆக்லாந்து’ ஆகிய நான்கிலும் ஓடவிடுங்கள். கையால் பார்க்க வேண்டும் என்றால் குரோமின் உருவாக்குநர் கருவிகளில் சென்ஸார்ஸ் என்ற பலகத்தில் ஊரை மாற்றினால் நேர மண்டலமும் மாறும். சோதிக்க வேண்டிய நாட்களாக நான் எப்போதும் வைத்திருப்பவை: மார்ச் 8-க்கும் 29-க்கும் இடைப்பட்ட ஒரு நாள், டிசம்பர் 28, லீப் ஆண்டின் பிப்ரவரி 29, 1943-இல் பிறந்த ஒருவரின் பிறந்தநாள், மற்றும் இந்திய நேரப்படி நள்ளிரவு 12:15-லும் காலை 5:15-லும் நடக்கும் இரண்டு நிகழ்வுகள். கடைசி இரண்டும் யுடிசியில் முந்தைய நாளாக இருப்பவை. பகலில் அலுவலக நேரத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவர்களின் கண்ணில் அவை படுவதில்லை.